ஐம்பத்தேழு கிலோ

“கையை எடு மக்கா! கிருபா, கேக்குதா? ரெண்டு கையையும் எடு, நான் எறக்குதேன்” என்று காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் ரெஜினா அக்கா கத்திக்கொண்டிருந்தாள். கிருபாகரனுக்கு நன்றாகவே கேட்டது, கைக்குத்தான் கேட்கவில்லை. அது பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டது. சுற்றிலும் பழுப்பு. மேலே பழுப்பு, கீழே பழுப்பு, மூக்குக்குள் பழுப்பு, பல்லுக்கு நடுவில் நறநறவென்று பழுப்பு. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்த பிறகு மிஞ்சுமே, அந்த நார்த்தூள். களம் முழுக்க ஒரு முழ உயரத்துக்குப் பரப்பி வைத்திருந்தார்கள், விழுந்தால் அடிபடக் கூடாது என்று. மெத்தையாம். அந்த மெத்தை இப்போது முழுசாக எழுந்து வந்து அவனைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. எட்டு விசிறி கீழே காற்றைத் தள்ளினால் காய்ந்த தூள் சும்மா கிடக்குமா? கிடக்காது. இது ஒன்றாவது படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் பொள்ளாச்சிப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் நார்த்தூள்தான். செடிக்கு நார்த்தூள், மாட்டுக்கு அடியில் நார்த்தூள், லாரி டயர் சேற்றில் மாட்டினால் நார்த்தூள். அதனால் ஆகாயத்திலிருந்து ஆள் விழுந்தால் என்ன போடுவது என்று கேட்டவுடன் சின்னராசு அண்ணன் யோசிக்காமல் கை காட்டினார். ஈரமாக இருந்தால் பிரச்சினையே இல்லை. முந்தின பதினோரு தடவை பறந்தபோதும் ஈரமாகத்தான் இருந்தது. ஈரம். பச்சைக் கலர் தண்ணி ஓஸ். அதை இப்போது நினைக்க வேண்டாம். இப்போது எண்ணைப் பார். கைக்கு எதிரே இருந்த சின்னத் திரையில் எண் 0.4 என்று காட்டியது. தரைக்கும் அவனுக்கும் நடுவில் அரை மீட்டருக்கும் குறைவாம், அதாவது முழங்கால் உயரம். பொய். ஒரு விநாடி தூள் விலகியபோது அவன் கண்ணால் பார்த்தான், கொப்பரை செட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் ஒரு நீல நிற ரப்பர் செருப்பு கிடந்ததை. இடது கால் செருப்பு. அது கிருபாகரனுடைய செருப்புதான். போன தைப்பொங்கலுக்கு முன்னால், ‘உனக்கெல்லாம் எதுக்குடா ஏரோப்ளேன்’ என்று யாரோ ஒரு லாரி டிரைவர் கிண்டல் செய்ததற்கு எறிந்தது. டிரைவர் குனிந்துகொண்டார், செருப்பு கூரைக்குப் போய்விட்டது. ஆறு மாசமாக அது அங்கேயே வெயில் காய்கிறது, அதை எடுக்க ஏணி வேண்டும். ஏணி வேண்டிய செருப்பை அவன் இப்போது மேலிருந்து பார்த்தான். கூரை விளிம்பே பத்தடி. அப்படியானால் அவன் பன்னிரண்டடியில் இருக்கிறான். மெஷின் முழங்கால் உயரம் என்கிறது.

இந்த மெஷினுக்குப் பெயர் கட்டில். ரெஜினா அக்கா பேப்பரில் வைத்த பெயர் வேறு, இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் கலந்து ஒன்று, அது யார் வாயிலும் நுழையவில்லை. அலுமினியக் குழாயில் செய்த சட்டம், நாலு மூலைக்கும் கால், நடுவில் டீக்கடை பிளாஸ்டிக் நாற்காலி, ஒவ்வொரு மூலையிலும் மேலொன்று கீழொன்றாக விசிறி. முதல் நாள் பார்த்தபோதே சின்னராசு அண்ணனின் கடை ஆட்கள் கட்டில் என்று கூப்பிட்டுவிட்டார்கள், அதுவே நின்றுவிட்டது. ரோடே இல்லாமல் மேலே போகிற வண்டி, நாளைக்கு வால்பாறைக்கு மேலே எஸ்டேட் லைன் வீடுகளுக்கு நர்சை ஏற்றிப் போய் இறக்கும், நாற்பது கொண்டை ஊசி வளைவும் வாந்தியும் கிடையாது என்று ரெஜினா அக்கா சொல்லும்போது அவள் நாகர்கோவில் பேச்சே பாட்டு மாதிரி ஆகிவிடும். அவள் கம்ப்யூட்டர், கணக்கு எல்லாம். சின்னராசு அண்ணன் இடம், சாமான், சத்தம். மோட்டார்? எட்டு மோட்டாருக்கும் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியது யார்? கிருபாகரன். வெளியிலிருந்து வாங்கிய மோட்டார் சூடேறிப் புகைந்தபோது, எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தபோது, ‘நான் கட்டறேனுங்க்கா’ என்றவன் அவன். பதினாலு வயசிலிருந்து லீவு நாளெல்லாம் சின்னராசு அண்ணனின் வைண்டிங் கடையில் பம்பு மோட்டார் கட்டிய கை. கிணற்றிலிருந்து தண்ணீரைத் தூக்குகிற மோட்டாருக்கும் ஆளைத் தூக்குகிற மோட்டாருக்கும் செம்புக் கம்பி ஒன்றுதான், காந்தம் ஒன்றுதான். தூக்குகிற வேலைதானே. மோட்டார் இரும்பின் பல்லுக்குப் பல் இடைவெளி விடாமல் அவன் கம்பியை நெருக்கினான், புத்தகத்தில் போட்ட சுற்றுக்கு மேல் இரண்டு சுற்று நுழைந்தது, ரெஜினா அக்கா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “இதைக் கையில கெட்டுனியா? சத்தியமாட்டு?” என்றாள். அந்தச் சத்தியமாட்டு என்ற ஒரு வார்த்தையை அவன் எத்தனை நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான் என்று அவளுக்குத் தெரியாது. பிளஸ் டூ பிசிக்சில் எழுபதுக்குப் பதினொன்று வாங்கியவனைப் பார்த்து யார் சத்தியமா என்று கேட்பார்கள்? பிசிக்ஸ் வாத்தியார் பேப்பரை அவன் முகத்துக்கு நேராக நீட்டி, “ஈர்ப்பு விசைன்னா என்னன்னு கேட்டா ‘கீழே இழுக்கும்’னு ஒரே வரி எழுதியிருக்கே, உன்னை எது இழுக்குதுடா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. இப்போதும் அவன் அதைத்தான் எழுதுவான். கீழே இழுக்கும். வேறென்ன செய்யும்? வாங்க சார், வந்து இந்த நாற்காலியில் உட்காருங்க. பன்னிரண்டு அடியில் உட்கார்ந்துகொண்டு நாலு பக்கம் எழுதுங்க பார்ப்போம்.

“கிருபா, எண்ணு பாயிண்ட் நாலுதாம்ல காட்டுது, தரைக்குக் கிட்ட வந்துட்ட, பயப்படாத, விட்டுரு” என்றாள் காதுக்குள். பாவம், அவள் பேசுவது திரையைப் பார்த்து. வெளியிலிருந்து அவளுக்குத் தெரிவது ஒரு வீடு அளவுக்குப் பழுப்பு உருண்டை, அதற்குள்ளிருந்து சத்தம், கையில் ஒரு எண். கட்டிலுக்கு அடியில் ஒரு கண் வைத்திருக்கிறாள், தரை எவ்வளவு தூரம் என்று வெளிச்சம் அடித்துப் பார்க்கிற கண். அந்தக் கண்ணுக்குத் தூளும் தரையும் ஒன்று. தூள் மேலே வரவர, தரை தன்னை நோக்கி எழும்பி வருவதாக அது நினைத்துக்கொண்டது, நினைத்து மிரண்டு, ஆறடியில் நிற்கச் சொன்ன வண்டியை அதுவாகவே மேலே மேலே ஏற்றியது. கிருபாகரன்தான் அந்தக் கண்ணின் பேச்சைக் கேட்காதே என்று ஒரு ஸ்விட்சைத் தட்டி எல்லாவற்றையும் கைக்கு எடுத்துக்கொண்டான். வண்டியை ஓட்டுகிற கைப்பிடிக்கு அடியில் ஒரு தகடு இருக்கிறது. விரல் அதை அழுத்தியிருக்கும் வரை வண்டி அவனுடையது. விட்டால் வண்டி அவளுடையது. அவள் ஒரு பட்டனைத் தட்டுவாள், மெஷின் மெல்ல இறங்கும், கண் 0.2 என்று சொன்ன அந்த விநாடி, தரை வந்தாச்சு என்று எட்டு மோட்டாரையும் நிறுத்தும். நல்ல ஏற்பாடுதான். தரை நிஜமாகத் தரையாக இருந்தால். இப்போது எண் 0.4, 0.3, மறுபடி 0.4 என்று துடித்துக்கொண்டிருந்தது. விரலை எடுத்தால் ஒரு மூச்சில் 0.2 வந்துவிடும். பன்னிரண்டு அடியில் எட்டும் நிற்கும். அப்புறம் வாத்தியாருடைய ஈர்ப்பு விசை மீதியைப் பார்த்துக்கொள்ளும். அவன், கட்டில், பேட்டரி, எல்லாம் சேர்ந்து ஒன்றே கால் குவிண்டால். கொப்பரை மூட்டை லாரியிலிருந்து விழுகிற சத்தம் அவனுக்குத் தெரியும். மூட்டைக்குக் கால் எலும்பு கிடையாது. இதை அவளிடம் சொல்லலாம், சொல்ல முடியாது. எட்டு விசிறி இரைச்சலில் அவன் வாயைத் திறந்தால் அவள் காதில் மாவு மில் ஓடுவது போலத்தான் இருக்கும் என்று முன்னாடியே சோதித்துப் பார்த்தாகிவிட்டது. அதனால்தான் கையை வெளியே நீட்டிச் சைகை செய்வது என்று பேசி வைத்திருந்தார்கள். நல்ல சைகை. தூளுக்குள் நீட்டு.

ஒரு கார் என்றால் நிற்கலாம். இது அவனுக்கு எப்போதும் மண்டையில் மாட்டிக்கொண்டே இருக்கிற விஷயம். கார் கோளாறானால் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம், அது பாட்டுக்கு நிற்கும், நிற்பதற்கு அதற்கு ஒரு செலவும் இல்லை, பூமி தாங்கிக்கொள்ளும். பறக்கிற வண்டிக்கு நிற்பதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை. ஏரோப்ளேன்கூட ஓடிக்கொண்டே இருப்பதால் இறக்கைக்கு அடியில் காற்றை வாங்கி மிதக்கிறது. ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கிற கட்டில் ஒவ்வொரு விநாடியும் தன் எடை முழுவதையும் காற்றைக் கீழே தள்ளித் தள்ளியே சம்பாதிக்க வேண்டும். வருங்காலத்தில் எல்லாரும் இந்த வண்டியில்தான் ஆபீஸ் போவார்கள் என்று போனில் பொம்மைப் படம் காட்டுகிறார்களே, அந்தப் படத்தில் ஒருத்தனும் சிக்னலில் நிற்கவில்லை, கவனித்திருக்கிறீர்களா? ஆகாயத்தில் சிவப்பு விளக்கு போட்டால் நூறு வண்டியும் நின்ற இடத்தில் பேட்டரியைக் குடித்துவிட்டு வரிசையாகக் கீழே விழும். இதை ரெஜினா அக்காவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அவன் சொன்னதை ஒருத்தரும் எழுதிக்கொண்டதில்லை. கிருபாகரன் பேட்டரியைப் பார்த்தான். ஏறி நாலு நிமிஷம் ஆகிவிட்டது. செட்டுச் சுவரில் அவள் சாக்பீசால் எழுதி வைத்திருந்தாள், ஆள் எடை 52 என்றால் ஏழு நிமிஷம் என்று. சரி, 52 என்றால். அவன் 52 இல்லை. ஐம்பத்தேழு. இதுவும் இப்போது நினைக்க வேண்டாம் என்று தள்ளியதுதான், ஆனால் இது நாற்காலிக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தது. ஐம்பத்தேழு கிலோவுக்கு எத்தனை நிமிஷம்? சாக்பீசில் எழுதவில்லை. ஆறு இருக்கலாம். ஆறுக்குக் கீழேயும் இருக்கலாம்.

தை மாசம் அவன் 52 தான், நேர்மையாக 52. ஐம்பத்து மூன்றுக்கு மேலே யாரும் உட்காரக் கூடாது என்று ரெஜினா அக்கா கோடு போட்டாள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது இரண்டே பேர், அவன் ஒருவன், நாற்பத்தொன்பது கிலோவில் அவள். வண்டி அவளுடையது, கணக்கு அவளுடையது, உட்கார ஆசைப்பட்டவளும் அவள்தான். சின்னராசு அண்ணன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். “நீங்க அடுத்தவங்க வீட்டுப் பொண்ணுங்க. உங்கய்யனுக்கு நான் போன் போட்டு என்னன்னு சொல்லறதுங்க? இவன் விழுந்தா கட்டுப் போட்டுக்கலாம்.” அக்கா முகத்தில் ஒன்று அணைந்துபோனதை அவன் பார்த்தான். பார்த்துவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். பிறகு பதினெட்டு வயசு உடம்பு அதன் வேலையைக் காட்டியது. தோள் அகலமானது, பேன்ட் கணுக்காலுக்கு மேல் ஏறியது, மாசத்துக்கு ஒரு கிலோ. ராத்திரி சோற்றை நிறுத்தினான், ‘வவுத்து வலியாடா’ என்று அம்மா கேட்டாள், ஆமாம் என்றான், கஷாயம் வைத்துக் கொடுத்தாள், அதையும் குடித்தான், அப்போதும் ஏறியது. சித்திரையில் ஐம்பத்தைந்து. அன்றைக்குத்தான் முதல் தடவை கல்லை எடுத்தான். களத்தில் கொப்பரை எடை போடுகிற எலக்ட்ரானிக் தராசு, அதில்தான் இவர்களும் ஏறுவது. தராசு மேல் ஒரு கல்லை வைத்து ஜீரோ பட்டனை அழுத்தினால் கல்லோடு சேர்த்து அது பூஜ்யம் என்று நினைத்துக்கொள்ளும், கல்லை எடுத்துவிட்டு ஏறினால் கல்லின் எடை உன் எடையிலிருந்து கழிந்துவிடும். மண்டியில் விவசாயி டீ குடிக்கத் திரும்புகிற நேரத்தில் செய்கிற வேலை. அவன் அப்பா அந்த வேலையைச் செய்தவர், கால் கட்டைவிரலால் பட்டனைத் தட்டுவார், முகத்தில் ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவன் அப்பாவோடு மண்டிக்குப் போவதை நிறுத்தினான். எட்டாவது படிக்கும்போது. நான் உங்களை மாதிரி இல்லை என்று நேராகவே சொன்னான், அறை வாங்கினான். இன்றைக்குக் காலையில் ஐந்து கிலோ கல்லோடு தராசுக்கு முன்னால் நின்றபோது அந்த அறை விழுந்த கன்னம் சூடாக இருந்தது. இருந்தாலும் அழுத்தினான். மலைமேல் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா பார்க்க வருகிறார்கள். இன்றைக்குத் தராசு 57 என்று சொன்னால் நாற்காலி அவனுக்கு இல்லை. முதல் தடவையாகக் கயிறு கட்டாமல் ஏறுகிற நாள், எட்டு மோட்டாரும் அவன் கட்டியது, அவன் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். முடியாது. அதைவிட அசிங்கம் ஒன்று இருந்தது. இரண்டு வாரமாக மோட்டார்கள் கணக்குக்கு மேல் கரண்ட் இழுக்கின்றன, வைண்டிங்கில்தான் எங்கேயோ கோளாறு என்று ரெஜினா அக்கா ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது அவன் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். தன் கையால் கட்டிய கம்பியைக் குற்றம் சொல்ல விட்டான். அதற்கு அப்பாவின் கட்டைவிரலே தேவலை.

நாலு நிமிஷம் முப்பது. மெஷின் பொய் சொல்கிறது என்று யாரிடம் போய் புகார் கொடுப்பது, தராசிடம் பொய் சொன்னவன்? அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வாய்க்குள் தூள் போனது, துப்பினான், துப்பியது கீழே போகாமல் சுற்றி வந்து கழுத்தில் ஒட்டியது. “லேய், செத்துருவ லேய், சொன்னதைக் கேளு!” அக்கா அழுகிறாளா? அவள் குரலுக்குப் பின்னால் சின்னராசு அண்ணன் கத்துவது கேட்டது, “சும்மா இரு சாமி, அவன் என்னமோ பண்றான்.” ஆமாம், என்னமோ பண்றான். கண்ணை நம்ப முடியாது, எண்ணை நம்ப முடியாது. மிச்சம் இருப்பது காதும் குண்டியும். காது மோட்டாரைக் கேட்டது. எட்டும் அவனுக்கு ஆள் அடையாளம் தெரிகிற மாதிரி தெரியும், வலது பின்மூலைக் கீழ் மோட்டாருக்குக் கொஞ்சம் தொண்டை கட்டிய குரல், அதைக் கட்டிய அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல். எட்டும் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தன, ஒன்றுகூடத் திணறவில்லை. ஐம்பத்தேழைத் தூக்கிக்கொண்டு, தூளைத் தின்றுகொண்டு, ஒன்றுகூட. யாருடைய வைண்டிங்கில் கோளாறு? குண்டிக்கு வேறு ஒன்று தெரியும். தரைக்கு நாலடிக்குள் வந்துவிட்டால் விசிறிக் காற்று தரையில் முட்டிக்கொண்டு போக இடமில்லாமல் நாற்காலிக்கு அடியிலேயே குவியும், வண்டி லேசாகிவிடும், பேருந்து டயர் பஞ்சு மூட்டை மேல் ஏறினது போல இருக்கும். முந்தின பதினோரு தடவையும் இருந்தது. ரெஜினா அக்காவின் நோட்டில் அதற்கு ஒரு பெயரும் கணக்கும் உண்டு. அவனுக்கு அது மெத்தை, அவ்வளவுதான். இப்போது மெத்தை இல்லை. நாற்காலி கல் மாதிரி இருந்தது. ஆக, தரை கிட்டே இல்லை. செருப்பு சொன்னது சரி, குண்டி சொன்னது சரி, எண் சொன்னது தப்பு. மூன்றில் இரண்டு. மெத்தை வரும் வரை இறக்கு, மெத்தை வந்த பிறகு பயப்படாதே. அவன் பிடியை ஒரு மயிரிழை முன்னால் தள்ளினான். சுருதி அரை இழை இறங்கியது. வயிறு மேலே வந்தது. இன்னொரு மயிரிழை. பக்கவாட்டில் நகர்கிறேனா, சுவர் எங்கே, கொப்பரை செட்டு எங்கே, அக்கா எங்கே நிற்கிறாள், விசிறிக்கு அடியில் வந்துவிடப் போகிறாள். வரமாட்டாள், களத்தைச் சுற்றிப் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டமாட்டாள், ஒழுங்கானவள், எதையும் சொன்னபடி செய்கிறவள். சொன்னபடி. ஓஸ். பச்சை ஓஸ் சுருட்டி வைத்தபடியே குழாயடியில். வேண்டாம். இறக்கு. ஐந்து நிமிஷம் பத்து. திரையில் ஒரு சிவப்பு விளக்கு கண் திறந்தது, பேட்டரி, சாக்பீஸ் கணக்குப்படி இன்னும் ஒன்றரை நிமிஷம் கழித்து வரவேண்டிய விளக்கு. ஐந்து கிலோ கல்லுக்கு இதுதான் எடை போல. கை ஆடவில்லை. பன்னிரண்டு அடி, ஒன்பதடி, ஏழடி, இதெல்லாம் அவனாகச் சொல்லிக்கொண்டது, யார் கண்டது, கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி, கயிறு கையில், தண்ணீர் எங்கே என்று தெரியாமல், தொட்டால்தான் தெரியும், தொடு, தொடு, எங்கே போய்த் தொலைந்தது தரை, வாத்தியாரே கீழே இழுக்கும் என்று எழுதினேனே இழுக்கச் சொல்லுங்களேன் கொஞ்சம் மெதுவாக, மெதுவாக...

மெத்தை வந்தது. நாற்காலிக்கு அடியில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தாங்கினது போல வந்தது. கிருபாகரனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, தூள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியே ஒரு மூச்சு நிறுத்தி வைத்தான், அவசரப்படாமல். அவன் வாழ்க்கையிலேயே அவசரப்படாத ஒரு மூச்சு அதுதான். பிறகு இறக்கினான். முன்கால் ஒன்று முதலில் தொட்டு மடங்கியது, கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது, அவன் மற்ற மூலையைத் தூக்கிச் சமாளித்து உட்காரவைத்தான். ஒவ்வொன்றாக எட்டும் பாட்டை நிறுத்தின. தொண்டை கட்டினது கடைசி. தூள் மட்டும் அவசரமே இல்லாமல் அவன் தலைமேலும் மடிமேலும் இறங்கிக்கொண்டே இருந்தது. விரல் இன்னும் தகட்டின் மேல் இருந்தது.

முதலில் ஓடிவந்தது சின்னராசு அண்ணன், வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் ஒரு நுனியைக் கையில் பிடித்தபடி. “உசுரோட இருக்கறயாடா? வாயத் தொறந்து சொல்லித் தொலடா!”

“இருக்கறனுங்ண்ணா.”

“கால் இருக்குதா? ரெண்டும் இருக்குதா?”

“வண்டிக்கு ஒண்ணு மடங்கிருச்சுங்ண்ணா. எனக்கு ரெண்டும் இருக்குது.”

ரெஜினா அக்கா வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடியிலிருந்து பிரித்தாள். “தொண்டை கிழியக் கத்துனேனே, ஏன் கையை எடுக்கல்ல?”

அவன் கூரையைக் காட்டினான். “என் செருப்ப மேலிருந்து பாத்தேனுங்க்கா. உங்க கண்ணுதான் தூளைத் தரைன்னு சொல்லிட்டிருந்துச்சு.”

அவள் கூரையைப் பார்த்தாள், தன் கையிலிருந்த திரையைப் பார்த்தாள். அது இன்னமும் 0.3 என்று காட்டிக்கொண்டிருந்தது, வண்டி தரையில் உட்கார்ந்த பிறகும். அந்தப் பட்டனைத் தட்டக் காத்திருந்த கட்டைவிரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டாள்.

“கேக்காம இருந்ததுதான் நல்லதாப் போச்சு, பாத்துக்குங்க டாக்டரம்மா” என்று சின்னராசு அண்ணன் அவன் முதுகில் அறைந்தார், தூள் பறந்தது. “எங்க பையன். எட்டு மோட்டாரும் இவன் கட்டுனது.”

டாக்டரம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பது வயசுக்காரர், மலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார். “எவ்வளவு எடை தூக்குச்சு?” என்று கேட்டார்.

“அம்பத்திரண்டு” என்றாள் ரெஜினா அக்கா.

“எங்க நர்சுங்க ஒருத்தரும் அம்பத்திரண்டு கிடையாதேம்மா. பையில மருந்து வேற இருக்கும்.”

“அம்பத்தேழு” என்றான் கிருபாகரன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். அவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான், நின்று சொன்னால்தான் சொல்ல முடியும் போலிருந்தது. “தராசுல கல்லு வெச்சு ஜீரோ பண்ணிட்டு ஏறுனேன். ரெண்டு மாசமா. நான் அம்பத்தேழு கிலோ. அஞ்சரை நிமிசம் அம்பத்தேழைத் தூக்கிட்டு நின்னுதுங்க, டாக்டரம்மா. வைண்டிங்குல ஒரு கோளாறும் இல்லீங்க்கா. எப்பவுமே இல்ல.” கடைசி வரியைச் சொல்லும்போது தலை தானாகவே நிமிர்ந்துவிட்டது. அதை அவனால் தடுக்க முடியவில்லை, தடுக்கவும் பார்க்கவில்லை.

“அட நாயே” என்றார் சின்னராசு அண்ணன். திட்டுகிற குரல் இல்லை அது.

ரெஜினா அக்கா அவனையே பார்த்தாள். “ரெண்டு வாரமாட்டு நான் மோட்டாரைக் கழட்டிட்டுக் கெடந்தேன். நீ ஸ்பேனர் எடுத்துத் தந்துட்டு நின்ன.”

“ஆமாங்க்கா.”

“அது என் சீட்டு.”

“ஆமாங்க்கா. அடுத்த தடவை நீங்க ஏறுங்க. நான் கீழ நிக்கறேன்.” சின்னராசு அண்ணன் வாயைத் திறந்தார், டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார், அவர் மூடிக்கொண்டார்.

அவள் நோட்டை எடுத்தாள், 52 என்பதை அடித்தாள், 57 என்று எழுதினாள், அடியில் ஒரு கோடு போட்டாள். அழுத்திப் போட்ட கோடு. கிருபாகரன் அந்தக் கோட்டைப் பார்த்தான். பதினொன்று மார்க்குக்கு அடியில் வாத்தியார் போட்டதும் அழுத்திப் போட்டதுதான், ஆனால் அது வேறு கோடு. பிறகு அவள் குனிந்து தரையிலிருந்து ஒரு கை நார்த்தூளை அள்ளினாள். விரலுக்கிடையில் விட்டாள், மாவு மாதிரி ஓடியது. இன்னொரு தடவை அள்ளினாள். அவன் நெஞ்சுக்குள் பச்சை ஓஸ் சுருள் அவிழ்ந்தது.

“இது எப்படி இப்பிடிக் காஞ்சுது?” என்று தனக்குள் கேட்பது போலக் கேட்டாள். “பதினோரு தடவையும் ஈரமால்ல இருந்துது.”

சும்மா இருந்தால் போதும். வெயில் என்று அவளே சொல்லிக்கொள்வாள். டாக்டரம்மா ஒரு மணி நேரம் லேட் என்று சின்னராசு அண்ணன் சொல்லுவார். இன்றைக்கு முழுக்க அவன் செருப்பைப் பற்றியே பேசுவார்கள்.

“டாக்டரம்மா வர நேரமாகும்னு போன் வந்தப்ப, பத்து மணிக்கு, களத்துக்கு இன்னொருக்கா தண்ணி விடச் சொன்னீங்கல்லங்க்கா” என்றான் கிருபாகரன். “எல்லாரும் அவங்களக் கூப்பிட வாசக் கேட்டுக்குப் போயிருந்தீங்க, தராசுகிட்ட யாரும் இல்ல. நான் கல்லு எடுக்கப் போயிட்டேன். தண்ணி விடல.”